எண்ணூர்க் கழிமுகமா, மொட்டைமாடியா: அடுத்த லென்ஸ் எது?

கையில் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர், அதோடு வந்த 18-55 லென்ஸ். பறவை, தும்பி, சிலந்தி, நண்டு என்று உயிருள்ளவற்றைப் படம் பிடிக்க ஆசை. அடுத்து எதை வாங்குவது? வடசென்னையில் திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடிப் பக்கம் இந்தக் கேள்வியோடு வரும் தம்பி தங்கைகள் இப்போது நிறையப் பேர். பெரும்பாலும் முதல் சம்பளத்திலோ தீபாவளி போனஸிலோ வாங்கப் போகிறவர்கள். தப்பாக வாங்கிவிட்டால் அடுத்த போனஸ் வரை மாற்ற வழியிருக்காது. அதனால் பொறுப்போடு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 55-250 அல்லது 70-300 மாதிரி, தூரத்தில் இருப்பதைக் கிட்டே காட்டும் ஒரு சின்ன டெலி சூம் லென்ஸ் (எண்கள் மி.மீ.-ல் குவியத் தூரம்; எண் பெரிதானால் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்); அதன் முன்னால் மாட்ட ஒரு ரெய்னாக்ஸ் குளோசப் லென்ஸ்; மிச்சப் பணத்தில் ஒரு ஃபிளாஷ். 600 மி.மீ. லென்ஸ் வாங்கு என்று சொன்னால்தான் கேட்பவர் முகம் மலரும், தெரியும். ஆனால் நாம் எங்கே இருக்கிறோம், எந்த நேரத்தில் வெளியே போக முடியும், போனால் அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்தால் கணக்கு இப்படித்தான் வருகிறது.

நம் பக்கத்தில் காடு கிடையாது. கிண்டி போல மான் நடமாடும் இடமும் கிடையாது. இருப்பவை இரண்டு வகை: தூரத்தில் நிற்கும் பெரியவை, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் மிகச் சிறியவை. எண்ணூர்க் கழிமுகத்தில் கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நெடுங்கால் உள்ளான், ஆலா, செம்பருந்து எல்லாம் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வலசை வரும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் சேற்றுத் திட்டுகளில் கூட்டமாக இரை பொறுக்கும். பூநாரைகளும் சில சமயம் வந்து நிற்கும். கூட்டம் கூட்டமாகப் பார்க்க வேண்டுமென்றால் பழவேற்காடு போக வேண்டும். ரெட்டேரியில் நீலத் தாழைக்கோழி, நாமக்கோழி, நீர்க்காகம். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், மாடியில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி, தெருமுனையில் ஒரு எருக்கஞ்செடி, ரயில் பாதை ஓரத்தில் ஒரு பூவரசு.

பெரிய லென்ஸில் தொடங்குவோம். சிக்மா 150-600, டாம்ரான் 150-600 இரண்டும் பறவைக்காரர்கள் ஏங்கும் லென்ஸ்கள். அதில் நியாயமும் உண்டு. கழிமுகத்தின் நடுத்திட்டில் நிற்கும் உப்புக்கொத்தியின் கண்ணில் ஒளிப்புள்ளி தெரிய வேண்டுமென்றால் இந்த நீளம் இல்லாமல் முடியாது. ஆனால் லென்ஸ் மட்டுமே சுமார் 2 கிலோ. விலை ரெய்னாக்ஸைப் போல ஏறத்தாழப் பத்து மடங்கு. இதையெல்லாம் விடப் பெரிய சிக்கல் நேரம். வெயில் ஏறிவிட்டால் சேற்றுப் பரப்பின் மேல் காற்று அலையலையாக நடுங்கும். அதற்குப் பிறகு 600 மி.மீ.-ல் எடுத்தால், எவ்வளவு நல்ல லென்ஸாக இருந்தாலும் இறகின் இழைகள் கரைந்துதான் பதியும். ஆக, விடிந்ததிலிருந்து எட்டரை, ஒன்பது மணி வரை. அப்புறம் சாயங்காலம் கொஞ்ச நேரம். அந்த நேரத்தில் தண்ணீர் வற்றியிருக்கவும் வேண்டும், இல்லாவிட்டால் பறவைகள் இரை தேடும் திட்டே வெளியே தெரியாது. மணலியிலோ துறைமுகத்திலோ ஷிப்ட் பார்ப்பவருக்கு இத்தனையும் கூடிவரும் காலைகள் மாதத்தில் எத்தனை கிடைத்துவிடும்? மீதி நாளெல்லாம் அந்த லென்ஸ் பீரோவில்தான் தூங்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எண்ணூரிலிருந்து காட்டுப்பள்ளி வரை பறவைகள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே துறைமுகங்களும் அனல்மின் நிலையமும் இருக்கின்றன. முழங்கை நீள லென்ஸை அந்தப் பக்கம் திருப்பினால் காவலர் வந்து விசாரிப்பார். விசாரிப்பது அவர் வேலை. மரியாதையாகப் பதில் சொல்லி, படங்களைக் காட்டி, நகரச் சொன்னால் நகர்ந்துவிடுங்கள். சின்ன லென்ஸோடு போகிறவருக்கு இந்தத் தொந்தரவு மிகவும் குறைவு.

அதற்காக 600 மி.மீ. பக்கமே போகாதீர்கள் என்று சொல்லவில்லை. சென்னையில் லென்ஸை நாள் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் உண்டு. ஜனவரி, பிப்ரவரியில் பழவேற்காட்டுப் பூநாரைகளுக்காக வாடகைக்கு எடுங்கள், ஆசை தீர எடுத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள். சிலிர்ப்புக்கு அது போதும். வாங்குவதா வேண்டாமா என்பதும் அந்த ஒரு நாளிலேயே தோள்பட்டைக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது நிக்கான் பி950 மாதிரியான சூப்பர்சூம் கேமராக்கள். லென்ஸ் மாற்ற வேண்டியதில்லை. 83 மடங்கு சூம், அதாவது ஃபுல்ஃபிரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவுச் சென்சார்) கணக்கில் 24 மி.மீ.-லிருந்து 2000 மி.மீ.-க்குச் சமமான நீளம் வரை ஒரே பெட்டியில். எடை ஒரு கிலோதான். டிஎஸ்எல்ஆர்க்காரர்கள் இதை மட்டமாகப் பேசுவதுண்டு. அதை நான் ஏற்பதில்லை. உங்கள் ஆசை அழகான படம் என்பதைவிட எந்தப் பறவை, எத்தனை, எப்போது வந்தது என்று பதிவு செய்வதாக இருந்தால் இதுதான் சரியான கருவி. பொங்கல் சமயத்துப் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொள்கிறவர்களுக்கும், கடற்கரைப் பறவைகளின் காலில் ஆய்வாளர்கள் மாட்டிய நிறப்பட்டையின் எழுத்தைப் படிக்க விரும்புகிறவர்களுக்கும் இதைவிடக் குறைந்த செலவில் வேறு வழி இல்லை.

குறை எங்கே என்றால் சென்சாரில். அதன் பரப்பு டிஎஸ்எல்ஆர் சென்சாரில் சுமார் 12-ல் ஒரு பங்குதான். நல்ல வெளிச்சத்தில் தெரியாது. விடிகாலையிலும் மர நிழலிலும் படம் மணல் தூவியது போல ஆகிவிடும். ஆலா தண்ணீரில் பாயும் கணத்தைப் பிடிக்க ஷட்டர் வேகம் 1/1600-க்கு மேல் வேண்டும், ஃபோகஸும் விடாமல் தொடர வேண்டும். அது இந்தக் கேமராவால் ஆகிற காரியம் இல்லை. பூச்சியைச் சுமாராக எடுக்கும், அவ்வளவுதான்.

மூன்றாவது, அசல் மேக்ரோ லென்ஸ். டாம்ரான் 90, கேனான் 100 மாதிரி. பூச்சியை அதன் உண்மையான அளவிலேயே சென்சாரில் பதிக்கும். ஓரம் வரை கூர்மை. பூச்சிதான் என் வழி என்று ஏற்கனவே முடிவு செய்துவிட்டவருக்கு மறுபேச்சு இல்லாமல் இதைத்தான் சொல்வேன். ஆனால் முதலாவதாக வாங்குகிறவர் அந்த முடிவுக்கு இன்னும் வந்திருக்க மாட்டார். அவருக்குக் கூழைக்கடாவும் வேண்டும். 90 மி.மீ.-ல் கூழைக்கடா ஒரு வெள்ளைப் பொட்டாகத்தான் தெரியும்.

சில நூறு ரூபாயில் தொடங்கும் மலிவு வழிகளும் உண்டு. 18-55 லென்ஸைத் திருப்பி மாட்டும் ரிவர்ஸ் ரிங், பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே வைக்கும் எக்ஸ்டென்ஷன் டியூப். இரண்டும் வேலை செய்யும். ஆனால் ஒவ்வொரு தடவையும் லென்ஸைக் கழற்ற வேண்டும், அதுவும் நம் ஊர்த் தூசியிலும் உப்புக் காற்றிலும். ரிங்கில் அபர்ச்சரை, அதாவது லென்ஸில் வெளிச்சம் புகும் துளையின் அளவை, கேமராவிலிருந்து மாற்றவும் முடியாது. கையில் வேறு பணமே இல்லை என்றால் மட்டும் இந்த வழி.

கேமராவே இல்லாதவர் என்ன செய்வது? இருக்கும் மொபைலில் மாட்டும் நல்ல கிளிப் மேக்ரோ லென்ஸ் ஒன்று வாங்கினால் போதும். மொபைலில் 2 மெகாபிக்சல் மேக்ரோ கேமரா என்று தனியாகக் கொடுத்திருந்தால் அதை மறந்துவிடுங்கள். பிரதானக் கேமராவின் மேல் கிளிப்பை மாட்டுங்கள். பூச்சிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் வரை நெருங்க வேண்டும். சுவரில் இருக்கும் சிலந்தி அதைப் பொறுத்துக்கொள்ளும், தட்டான் பொறுக்காது. மார்கழிக் காலையில் பனி காயும் முன்னால் போனால் தட்டானும் சிறகு ஈரமாக அசையாமல் உட்கார்ந்திருக்கும்.

இப்போது நான் சொன்ன ஜோடிக்கு வருகிறேன்.

கேனானின் 55-250 எஸ்டிஎம் லென்ஸின் எடை 375 கிராம். 85 செ.மீ. வரை கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும். அந்தத் தூரத்தில் 250-ல் வைத்தால் சுமார் எட்டு சென்டிமீட்டர் அகலம் படம் முழுக்க நிறையும். ஒரு தட்டானுக்கு அது கச்சிதமான அளவு. பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில் ஆரஞ்சு நிறச் சிறகோடு ஒரு சின்னத் தட்டான் குச்சி நுனிகளில் உட்கார்ந்திருக்குமே, பார்த்திருப்பீர்கள். பிரேக்கிதெமிஸ் கண்டாமினேட்டா என்று அதற்கு அறிவியல் பெயர். மற்ற தும்பிகள் தாங்காத கழிவுநீரிலும் அதன் குஞ்சுகள் வளர்ந்துவிடும். நம் கால்வாய்களின் நிலைக்கு அதைவிடப் பொருத்தமான சாட்சி கிடையாது. அதை எடுக்க ரெய்னாக்ஸ்கூட வேண்டாம், வெறும் 55-250 போதும்.

எருக்கஞ்செடியில் முட்டையிட வரும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சிக்கும் அப்படியே. நண்டுக்கும்தான். கழிமுகத்துச் சேற்றில் ஒரு கொடுக்கு மட்டும் உடம்பளவு பெரிதாக இருக்கும் குட்டி நண்டுகள் உண்டு. ஆண் நண்டுக்குத்தான் அந்தக் கொடுக்கு. நீங்கள் கரையில் காலை வைத்ததுமே அத்தனையும் வளைக்குள் போய்விடும். தரையோடு உட்கார்ந்து அசையாமல் இருங்கள். சில நிமிஷத்தில் முதலில் கண் காம்புகள் எட்டிப் பார்க்கும், அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்து பெரிய கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டத் தொடங்கும். லென்ஸ் சின்னதாக இருப்பதால் அதைச் சேற்று மட்டத்துக்கு இறக்கி, நண்டின் கண் உயரத்திலேயே எடுக்கலாம். 2 கிலோ லென்ஸோடு அப்படிக் குனிந்து இருப்பது பெரும்பாடு. பக்கத்திலேயே சேற்றில் தாவும் மீனும் இருக்கும். அதையும் இதே நிலையில் எடுக்கலாம்.

பறவைக்கு 250 குறைவுதான், மறுக்கவில்லை. சென்சார் சின்னது என்பதால் கேனான் பாடியில் அது ஃபுல்ஃபிரேம் கணக்கில் 400 மி.மீ.-க்குச் சமம், நிக்கானின் 300 என்றால் 450. நெடுங்கால் உள்ளானின் முகத்தை மட்டும் வைத்துப் படச் சட்டத்தை நிறைக்க முடியாது. ஆனால் தலைக்கு மேல் வட்டமிடும் செம்பருந்துக்கும், படகுத்துறையில் மீனுக்குக் காத்திருக்கும் கொக்குக்கும், கூட்டமாக இறங்கும் கூழைக்கடாவுக்கும் தாராளமாகப் போதும். தூரத்தில் இருப்பதைச் சூழலோடு எடுக்கப் பழகுங்கள். பின்னணியில் புகைபோக்கி நிற்க, முன்னால் நாரைகள் இரை தேடுவதுதான் எண்ணூரின் உண்மையான படம். பின்னணியை மங்கலாக்கி எடுத்தால் அது எந்த ஊர் ஏரியாகவும் இருக்கலாம். கால்வாயும் கழிமுகமும் கரையை ஒட்டி வடக்கு தெற்காக ஓடும் பகுதியில், காலையில் கடல் பக்கத்துக் கரையில் நின்று மேற்கே பார்த்து எடுத்தால் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். தண்ணீர் எப்போது வற்றும் என்பதைக் குப்பத்துக்காரர்களிடம் கேளுங்கள், “அண்ணா, தண்ணி எப்போ இறங்கும்?” என்று கேட்டால் எந்தத் திட்டு முதலில் தலைகாட்டும் என்பது வரை சொல்லிவிடுவார்கள். அவர்கள் இறால் பிடிக்கும் இடத்தைக் கலக்காமல் தள்ளி நில்லுங்கள். அவர்களைப் படம் எடுப்பதானால் முதலில் கேட்டுவிட்டு எடுங்கள்.

இனி ரெய்னாக்ஸ். டிசிஆர்-250 என்பது அதன் மாடல். இரண்டு பக்கமும் அழுத்தி மாட்டும் கிளிப் வைத்த ஒரு சின்ன லென்ஸ். 52 முதல் 67 மி.மீ. வரை வாய் உள்ள எந்த லென்ஸின் முன்னாலும் உட்காரும். அதன் சக்தி 8 டயாப்டர், அதாவது 1000-ஐ 8-ஆல் வகுத்தால் வரும் 125 மி.மீ. அதன் குவியத் தூரம். இதிலிருந்து கணக்கு எளிது: 125 மி.மீ.-ல் வைத்தால் பூச்சி உண்மையான அளவில் பதியும், 250-க்குச் சூம் செய்தால் இரண்டு மடங்கு. அசல் மேக்ரோ லென்ஸ் நிற்கிற இடத்தைத் தாண்டி இது போகிறது. லென்ஸின் ஃபோகஸை முடிவிலியில் வைத்திருந்தால், எந்த அளவுக்குச் சூம் செய்தாலும் பூச்சிக்கும் லென்ஸ் நுனிக்கும் இடையே உள்ள தூரம் மாறாது, சுமார் 12 செ.மீ. முழு உடம்பையும் ஒரு படம் எடுத்துவிட்டு, நகராமல், சூம் வளையத்தை மட்டும் திருப்பிக் கண்ணை எடுக்கலாம். மேக்ரோ லென்ஸில் அதற்கு இன்னும் நெருங்க வேண்டும், நெருங்கினால் பூச்சி போய்விடும். எக்ஸ்டென்ஷன் டியூபைப் போல இது வெளிச்சத்தையும் குறைக்காது.

மாடிக் கறிவேப்பிலையில் தொடங்குங்கள். எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சி அதன் தளிரில் முட்டையிடும். சின்னப் புழு பார்ப்பதற்குக் காக்கை எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும். வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். ஏதாவது தொந்தரவு என்று உணர்ந்தால் தலைக்குப் பின்னாலிருந்து பிளவுபட்ட ஒரு கொம்பை வெளியே நீட்டும், கூடவே ஒரு வாடையும் வரும். அடுத்த கணம் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்காகக் குத்திக் கிளற வேண்டாம். எறும்பு ஒன்று மேலே ஏறினாலே தானாக நீட்டும், காத்திருந்தால் கிடைத்துவிடும்.

அப்புறம் பூவரசு. இலைகளைத் தைத்துக் கூடு கட்டும் முசுறு எறும்புகள் இருக்கும் கிளையாகப் பாருங்கள். கூட்டத்தை விட்டுத் தள்ளி, அதே செம்பழுப்பு நிறத்தில், ஒரு எறும்பு மட்டும் தனியாக விட்டு விட்டு நடந்துகொண்டிருக்கும். 250-ல் வைத்துப் பார்த்தால் அதற்குக் கால் எட்டு. முன்கால் இரண்டையும் உணர்கொம்பு மாதிரி தூக்கி ஆட்டிக்கொண்டு போகும். முகத்தில் இரண்டு பெரிய கண்கள் நேராக உங்களைப் பார்க்கும். அது எறும்பு வேஷத்தில் இருக்கும் தாவும் சிலந்தி. ஆணாக இருந்தால் தாடை நீண்டு முன்னால் துருத்தியிருக்கும், இன்னொரு எறும்பைத் தூக்கிப் போவது போலவே. முழு உடம்பும் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். இரண்டு மடங்கு உருப்பெருக்கத்தில் சட்டத்தை அப்படியே நிறைத்துவிடும். இதற்காக நீங்கள் எந்தச் சரணாலயத்துக்கும் போக வேண்டாம். வேலைக்குப் போகும் முன் கிடைக்கும் கால் மணி நேரம் போதும்.

கஷ்டமும் உண்டு. இந்த உருப்பெருக்கத்தில் தெளிவாக விழும் ஆழம் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். அபர்ச்சரை எஃப் 11-லிருந்து 16 வரை சுருக்கி வைத்தும் கண் தெளிவாக இருந்தால் வயிறு மங்கிவிடும். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிடுங்கள். இடது கையால் இலைக்காம்பைப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்து வைத்துக்கொண்டு, உடம்பை மட்டும் இம்மியளவு முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளியும் கணத்தில் அழுத்துங்கள். இலையும் கேமராவும் சேர்ந்தே அசைவதால் காற்றடித்தாலும் சமாளித்துவிடலாம். நிறையப் படங்கள் வீணாகும், பரவாயில்லை.

ஃபிளாஷ் இல்லாமல் இது நடக்காது. கையால் அளவு மாற்றும் சாதாரண ஃபிளாஷ் போதும். ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200. ஃபிளாஷ் வெளிச்சம் நேராக விழுந்தால் வண்டின் முதுகில் வெள்ளைத் திட்டு எரியும். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் வெள்ளை ஃபோம் ஷீட்டை வளைத்து லென்ஸ் நுனி வரை கூரை மாதிரி நீட்டி, அடியில் டிரேசிங் பேப்பர் ஒட்டினால் வெளிச்சம் மெத்தென்று இறங்கும். கடையில் விற்கும் டிஃப்யூசரைவிட இது பல சமயம் நன்றாகவே இருக்கிறது.

நிக்கான்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ஏஎஃப்-பி வகை 70-300 லென்ஸ் டி3100, டி5100 போன்ற பழைய பாடிகளில் ஃபோகஸ் ஆகாது. அவற்றுக்கு ஏஎஃப்-எஸ் வகைதான் வாங்க வேண்டும். செகண்ட்ஹேண்டில் வாங்கினால் மொபைல் டார்ச்சை லென்ஸின் பின்பக்கத்திலிருந்து அடித்து முன்பக்கம் வழியாகப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி இழை தெரிந்தால் அது பூஞ்சை, வேண்டாம் என்று வைத்துவிடுங்கள். வாங்கிய லென்ஸையும் மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். கடற்கரையிலிருந்து வந்ததும் ஈரம் லேசாகப் பிழிந்த துணியால் வெளிப்பக்கத்தைத் துடைக்க வேண்டும். உப்பு அப்படியே இருந்தால் வளையங்கள் இறுகிவிடும்.

புதிதாக மிரர்லெஸ்ஸே (டிஎஸ்எல்ஆரின் உள்கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமரா) வாங்கும் வசதி இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் ஃபோகஸ் உண்மையிலேயே பெரிய உதவி. கேனான் ஆர்எஃப் 100-400 லென்ஸ் 635 கிராம்தான், அதன் வாயும் 67 மி.மீ. என்பதால் அதே ரெய்னாக்ஸ் அதிலும் மாட்டும். இன்று வாங்கும் ரெய்னாக்ஸ் அன்றைக்கும் வீணாகாது.

எதை வாங்கினாலும் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். கூட்டமாகப் பறக்கும் படம் வேண்டுமென்று கல் எறிந்து பறவைகளைக் கிளப்புவது, ட்ரோனை அவற்றின் மேல் ஓட்டுவது, பூச்சியை ஃபிரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து எடுப்பது, எல்லாமே கொடுமை. ஆள்காட்டிப் பறவை உங்களைச் சுற்றிச் சுற்றிக் கத்தினால் அதன் முட்டை தரையில் எங்கோ பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

எடுத்த படங்களை ஹார்ட் டிஸ்க்கில் அடுக்கி வைக்க வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, இறகெல்லாம் கறுத்த கூழைக்கடாக்களின் படங்களைப் பார்த்துத்தான் பலருக்கு அங்கே கூழைக்கடா இருப்பதே தெரிந்தது. நல்ல நாளிலும் அங்கே என்னென்ன இருக்கிறது என்பதற்குப் பதிவு வேண்டும். அதற்கு இணையதளங்கள் உண்டு: பறவை என்றால் ஈபேர்டு, மற்றவை என்றால் ஐநேச்சுரலிஸ்ட். இடம், தேதியோடு ஏற்றுங்கள். சிலந்திக்கும் தும்பிக்கும் மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று என்று கொடுத்தால் பெயர் சொல்கிறவர்களுக்கு எளிது. கூடு, முட்டை, குஞ்சு தெரியும் படமாக இருந்தால் மட்டும் இடத்தை மறைத்துவிடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட்டில் பதிவேற்றும்போதே அதைத் தேர்வு செய்யும் வசதி இருக்கிறது.